வாயைத் திறப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டியது

ஒன்பது வருடமாக ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். ஒரு மோசமான கேஸுக்குப் பிறகு யாரிடம் மனம் திறப்பது, திறப்பதற்கு முன் அவரிடம் என்ன கேட்பது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். அது ஒரு குழந்தையின் கேஸில் தொடங்குகிறது. ஆனால் அந்தக் கேஸை விவரிக்கப் போவதில்லை. நீரில் மூழ்கிய குழந்தை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே நேரம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை நானும் பயிற்சிக்கு வந்திருந்த பையனும் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தியும் மூச்சு ஊதியும் உயிரைத் திருப்ப முயல்வது) கொடுத்துக்கொண்டே போனோம். இவ்வளவு போதும். மீதியை ஏன் சொல்லவில்லை என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

வண்டியைக் கழுவித் துடைத்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அடுத்த அழைப்பு. மூக்கில் ரத்தம் வருகிறதாம் யாருக்கோ. டிரைவர் அண்ணன், "ஏறும்மா, கூப்பிடுறாங்க" என்றார். ஏறினேன். அந்த ஷிப்டில் அதற்கப்புறம் நாலு கேஸ் பார்த்தேன். ஒன்றிலும் கை நடுங்கவில்லை. அதனாலேயே எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பிவிட்டேன்.

குழந்தைக்கு இருவர் சேர்ந்து சி.பி.ஆர். செய்தால் 15 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம். அந்த எண்ணிக்கை என்னை விட்டுப் போகவில்லை. மாடிப்படி ஏறினால் பதினைந்தாவது படியில் கால் தானாக நிற்கும். காய் நறுக்கினால் பதினைந்தாவது வெட்டில் கத்தி நிற்கும். இரண்டு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் கை மறுபடி நகரும். "ஏன் அப்படியே நின்னுட்ட?" என்று வீட்டுக்காரர் கேட்டபோது, ஏதோ யோசனை என்று சொல்லிச் சிரித்தேன். இரண்டாவது வாரம் தூக்கம் போனது. மூன்றாவது வாரம், ஈரத் தலையோடு ஒரு குழந்தையைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போகத் தொடங்கினேன்.

இந்த இடத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அதிர்ச்சிக்குப் பிறகு முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும், காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதும் பலருக்கும் நடக்கிறது, பெரும்பாலோருக்கு அது தானாகவே தணிந்துவிடுகிறது. அது நோய் அல்ல. ஒரு மாதத்தைத் தாண்டியும் விடாமல் இருந்தால்தான் பி.டி.எஸ்.டி.யா, அதாவது அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோயா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். 1980-இல்தான் அந்தப் பெயரே அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் ஏறியது. 2013-இல் அதைத் திருத்தியபோது, வேலையின் பொருட்டுக் கொடூரமான விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்கிறவர்களையும் சேர்த்தார்கள். மனித உடல் பாகங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களைத்தான் அதற்கு உதாரணமாகவே கொடுத்திருக்கிறார்கள். ஆக, ஒரு மாதம் என்பதுதான் நாள்காட்டியில் நாம் குறித்து வைக்க வேண்டிய இடம். எங்கள் நிலையத்தில் மூன்றாம் நாள் எல்லாரும் என்னைக் கேட்டார்கள். முப்பதாம் நாள் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மூன்றாம் நாளைச் சொல்கிறேன். வட்டமாக நாற்காலி போட்டார்கள். நான், டிரைவர் அண்ணன், பயிற்சிப் பையன், அழைப்பை எடுத்த கண்ட்ரோல் ரூம் பெண், இன்னும் இரண்டு பேர். வெளியிலிருந்து வந்த ஒருவர் நடத்தினார். கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொருவராக என்ன பார்த்தோம், என்ன நினைத்தோம், இருப்பதிலேயே மோசமான நொடி எது என்று சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன், அதுதான் மருந்து என்று சொல்லியிருந்தார்களே. சொல்லி முடித்தபோது கண்ட்ரோல் ரூம் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவளிடம் அதுவரை ஒரு தாயின் குரல் மட்டும்தான் இருந்தது. இப்போது அந்தக் குரலுக்கு நான் படமும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து அவள் வேலையை விட்டுப் போனாள். அதற்குக் காரணம் நான்தான் என்று சொல்ல முடியாது. இல்லை என்று எண்ணிக்கொள்ளவும் என்னால் முடியவில்லை.

இந்த வட்ட முறைக்கு ஒரு வரலாறு உண்டு என்பது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர், அவரும் தீயணைப்பிலும் ஆம்புலன்ஸிலும் வேலை பார்த்தவர்தான், 1983-இல் எழுதிய கட்டுரையிலிருந்து உலகெங்கும் பரவியது. ஏழு கட்டங்கள், சம்பவம் நடந்த சில நாளுக்குள் நடத்த வேண்டும் என்ற வடிவம். பிறகு 2002-இல், பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இப்படி ஒரே அமர்வில் பேச வைத்துவிடுவது பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவில்லை என்றது. ஒரு சோதனையில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பேச வைக்கப்பட்டவர்களின் நிலை பேசாதவர்களைவிட மோசமாக இருந்தது. 2005-இல், சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, இதை வழக்கமாகச் செய்யாதீர்கள் என்று வழிகாட்டுதலிலேயே எழுதியது. அந்த ஆய்வுகள் தனி நோயாளிகளை வைத்துச் செய்தவை, ஒன்றாக வேலை பார்க்கும் குழுவுக்கு அவை பொருந்தாது என்று இதை ஆதரிப்பவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வட்டத்தில் உட்கார்ந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லலாம்: கட்டாயம் என்று சொன்னால் போய் உட்காருங்கள், பேசுவதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். "நான் இன்னிக்குக் கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நேரில் பார்க்காதவர்கள் இருக்கும் இடத்தில் பார்த்ததை வர்ணிக்காதீர்கள்.

அடுத்துச் செய்த தப்பு முழுக்க என்னுடையது. எங்கள் நிலையத்தில் பியர் சப்போர்ட் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. நம்மைப் போல வேலை பார்க்கிற ஒருவரே, கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டு, நமக்குத் துணையாக உட்கார்ந்து கேட்பது. டாக்டரிடம் போகச் சங்கடப்படுகிறவர்கள்கூடக் கூட வேலை செய்கிறவரிடம் பேசிவிடுவார்கள் என்பதுதான் இதன் பலம். சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஒரு மூத்தவரின் பெயர் இருந்தது. நல்ல மனிதர், எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்தில் கால் நிற்பது, தூக்கமில்லாதது, குழந்தைக் கேஸ் என்று ரேடியோவில் வந்தாலே வயிற்றைப் புரட்டுவது. அவர் கண் கலங்கிக் கேட்டார். பத்து நாள் கழித்து டூட்டி அட்டவணை வந்தது. என் பெயர் வண்டியில் இல்லை. ஸ்டோரில் இருந்தது.

டூட்டி அட்டவணை போடுகிறவரே அவர்தான். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தெரிந்தேதான் போய்ச் சொன்னேன். கேட்கும் ஆளும் அட்டவணை எழுதும் ஆளும் ஒருவரேயானால், கேட்ட காதிலிருந்து எழுதும் கைக்குச் செய்தி போகாமல் இருக்குமா? அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார். அதுதான் என்னை அதிகம் எரித்தது, திட்டவும் முடியவில்லை. ஐந்து மாதம் கையுறைப் பெட்டியும் ஆக்சிஜன் சிலிண்டரும் எண்ணிக்கொண்டிருந்தேன். இரவு ஷிப்ட் படியும் ஓவர்டைமும் போனதில், கைக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எதனால் என்று யாரும் சொல்லாவிட்டாலும் நிலையத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? அந்தத் தாளில் இருக்கும் பெயரிடம் பேசாதே என்பதை. அந்த ஐந்து மாதமும் அவரைத் தேடி ஒருவரும் போகவில்லை.

ரகசியம் என்று சொல்வதை நான் சட்டம் மாதிரி நினைத்திருந்தேன். அது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பியர் சப்போர்ட்டில் பேசியதை வெளியிடக் கூடாது என்று தனிச் சட்டம் இருக்கிறது. 2021-இல் அந்நாட்டு மத்திய அரசின் காவல் பணியாளர்களுக்கும் அப்படியொரு சட்டம் வந்தது. வேறு பல இடங்களில் அது வெறும் வாய்ப் பேச்சு, அல்லது அலுவலகச் சுற்றறிக்கை. சட்டம் இருக்கும் இடத்திலும் விதிவிலக்குகள் உண்டு. தன் உயிரையோ பிறர் உயிரையோ எடுக்கப் போவதாகச் சொன்னால், குழந்தைக்குக் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால், கேட்டவர் வெளியே சொல்லலாம், சில இடங்களில் சொல்லியே ஆக வேண்டும். அதில் தப்பில்லை. எந்த வேலி எங்கே இருக்கிறது என்று முதலிலேயே காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டோரில் இருந்த மாதங்களில் பணம் போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு படபடத்தது. இதயம் என்று பயந்து ஈ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் எடுத்தேன். ஆம்புலன்ஸில் இருக்கும் எனக்கே என் நெஞ்சைப் படிக்கத் தெரியவில்லை. எல்லாம் நார்மல். பிறகு மனதைச் சுத்தம் செய்வதாகச் சொன்ன ஒரு மூன்று நாள் முகாம். அங்கே எல்லாவற்றையும் மன்னிக்கச் சொன்னார்கள். யாரை மன்னிப்பது, தண்ணீரையா? பிறகு ஒரு நண்பர் கொடுத்த தூக்க மாத்திரை, அதைத் தொடர்ந்து நானே வாங்கியது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் இரண்டரை மாதச் சம்பளம். மாத்திரையைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்கிறேன். டயாசிபாம், அல்பிரசோலம் வகை மாத்திரைகளை அதிர்ச்சிக்குப் பிந்திய முதல் மாதத்தில் இந்தத் தொந்தரவுகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லியிருக்கிறது. அவை பழக்கமாகிவிடும். நான் அதை விடுவதற்கே டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஏழு வாரம் ஆனது. சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

சரியான ஆளை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. சிலிண்டர் சோதனைக்கு வந்திருந்த ஒரு ஓய்வு பெற்ற தீயணைப்புக்காரர், நான் பெட்டிகளைப் பதினைந்து பதினைந்தாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது, "நான் தீயணைப்புத் துறைப் பசங்களுக்குத் துணையா உக்காருவேன். உங்க துறையில எனக்கு யாரையும் தெரியாது. வேணும்னா கூப்பிடும்மா" என்று நம்பரைக் கொடுத்தார். உங்க துறையில யாரையும் தெரியாது என்ற அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பதினோரு நாள் கழித்துக் கூப்பிட்டேன்.

நடந்துகொண்டே பேசினோம். முதல் நிமிடத்திலேயே சொன்னார்: "எழுதி வைக்க மாட்டேன். உன் ஆபீஸ்ல யாருக்கும் சொல்ல மாட்டேன். நீ உன்னை ஏதாவது பண்ணிக்கப் போறேன்னு தெரிஞ்சா மட்டும் சும்மா இருக்க மாட்டேன், அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். நான் டாக்டர் இல்ல." அதற்கப்புறம் அந்தக் கேஸைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நான் சொல்ல ஆரம்பித்தபோதுகூட, "அது அப்புறம் இருக்கட்டும், எத்தனை மணிக்குத் தூங்கற?" என்றார். சாப்பிடுகிறேனா, குடிக்கிறேனா, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். பிறகு குரலை மாற்றாமல், "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்றார். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். நேராகக் கேட்டால் எதிரில் இருப்பவருக்கு அந்த எண்ணம் வந்துவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி வருவதில்லை. எனக்கு மூச்சு வந்தது போல இருந்தது. சில ராத்திரி தோன்றியிருந்தது, அதைச் சொன்னேன். எப்படி என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று இரவு மாத்திரைப் பட்டையை வீட்டுக்காரர் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டு, கொடுத்தேனா என்று பத்து மணிக்கு போன் செய்தார்.

அவர் தன் கதையையும் சொன்னார். ஒரு நிமிடம்தான் இருக்கும். தீயில் ஒரு கதவு, ஏழு மாதம் கதவுகளைத் தொட முடியாமல் இருந்தது. அத்துடன் நிறுத்திக்கொண்டார். துணைக்கு உட்கார்கிற பலர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். "எனக்கும் இப்படித்தான்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் தங்கள் கதையைக் கொட்டிவிடுவார்கள். நாம் அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவோம்.

மூன்றாவது சந்திப்பில் அவர் சொன்னதை எனக்குக் கிடைத்த பெரிய உதவியாக நினைக்கிறேன். "ஆறு மாசம் ஆகப் போகுது, இன்னும் விடல. இதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆள்கிட்ட கூட்டிட்டுப் போறேன்." அட்டையைக் கொடுத்து அனுப்பவில்லை. கூடவே வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த உளவியலாளரிடம் போய்ச் சேர்ந்தபோது ஒரு குழப்பம் வந்தது. நேரத்தைத் திட்டமிட்டு, அந்த நாளை முதலிலிருந்து முடிவு வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். மூன்றாம் நாள் வட்டத்தில் சொன்னது என்னைக் கெடுத்தது, இப்போது சொல்வது மட்டும் எப்படிக் குணமாக்கும் என்று கோபமாகவே கேட்டேன். அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். வட்டத்தில் ஒரு முறை திறந்துவிட்டு, கொதிப்பு உச்சத்தில் இருக்கும்போதே எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே கொதிப்பு தானாக இறங்கும் வரை கூட உட்கார்கிறார்கள், அடுத்த வாரம் மறுபடி அதே இடத்துக்கு வருகிறார்கள், நடுவில் நான் ஒதுங்கிப் போகும் இடங்களுக்கு என்னைப் போக வைக்கிறார்கள். கேட்பவருக்கும் அதைத் தாங்கும் பயிற்சி இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு அமர்வுகள். ஆறாவதுக்குப் பிறகுதான் ஏதோ நகர்ந்தது. முதல் சில அமர்வுகளில் நிலைமை இன்னும் மோசமானது போல இருக்கலாம், அங்கே விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

மறுபடி வண்டிக்கு வந்த பிறகு, இது வேறு இடங்களில் எப்படி நடக்கிறது என்று பார்த்தேன். பிரிட்டனின் ராயல் மரைன் படையில் 1990-களில் உருவான டிரிம் என்ற முறையில், பயிற்சி பெற்ற சக வீரர் சம்பவத்துக்குச் சுமார் மூன்று நாள் கழித்து ஒரு முறையும், ஒரு மாதம் கழித்து மறுபடியும் பேசுகிறார். இறங்குமுகமா ஏறுமுகமா என்று பார்த்து, இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புகிறார். சிகிச்சை கொடுப்பது அவர் வேலையே இல்லை. இந்த இரண்டாவது பேச்சு எங்களிடம் இருந்திருந்தால் என் ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும். நிலையத்தில் இப்படி எதுவும் இல்லை என்றால், மோசமான கேஸ் முடிந்த அன்றே போனில் முப்பதாம் நாளுக்கு அலாரம் வையுங்கள். உங்களுக்கும், கூட இருந்தவருக்கும். கண்ட்ரோல் ரூமில் போனை எடுத்தவரையும் டிரைவரையும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது என் பையில் ஒரு தாள் இருக்கிறது. துணைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், என் கதையைத் தொடங்கும் முன் நான் கேட்கப் போகும் கேள்விகள் அதில் இருக்கின்றன. என் டூட்டி, லீவு, பதவி உயர்வு எதிலாவது உங்கள் கையெழுத்து இருக்கிறதா? நான் சொல்வதை எங்காவது எழுதுவீர்களா? எதைச் சொன்னால் நீங்கள் வெளியே சொல்லியே ஆக வேண்டும்? உங்களால் முடியாத கட்டத்தில் என்னை யாரிடம் அனுப்புவீர்கள்? கடைசியாக, நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் நான் பேச மாட்டேன். எல்லாருடையதையும் வாங்கி வைத்துக்கொண்டு தன்னுடையதை இறக்கி வைக்க இடமில்லாதவர் ஒருநாள் சாய்ந்துவிடுவார், நம் கண் முன்னாலேயே. சென்ற மாதம் என்னையே பியர் சப்போர்ட் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். அந்தத் தாளை எடுத்து எனக்கே கேட்டுக்கொண்டேன். ஐந்தாவதில் மாட்டிக்கொண்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

டிரைவர் அண்ணனைப் பற்றி இதுவரை அதிகம் சொல்லவில்லை. அன்று முழுக்கக் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவர். வட்டத்தில் அவர் முறை வந்தபோது, "நான் ஓட்டத்தானே செஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். ஒன்றரை வருடமாக அவர் அந்தத் தெரு வழியாக வண்டியை எடுப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். இதைக் கேட்டால், அங்கே டிராபிக் என்கிறார். போன வியாழக்கிழமை இரவு, ஷிப்ட் முடிந்து வண்டிச் சாவியை மாட்டும்போது, "அந்தத் தாளைப் பத்தி யாரோ சொன்னாங்க, என்ன அது?" என்றார். வீட்டுக்கு வந்ததும் அதைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அவருக்கு அனுப்பினேன். கீழே அந்தத் தீயணைப்பு ஐயாவின் நம்பரையும் அவர் சம்மதம் கேட்டுச் சேர்த்தேன். இரண்டு நீலக் குறியும் உடனே வந்துவிட்டன. பதில் இன்னும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.